பரணில் இருக்கும் அட்டைகள்

ஆரணியில் எனக்குத் தெரிந்த நெசவாளர் வீட்டுப் பரணில் தறியில் வடிவத்தை வழிநடத்தும், ஓட்டை போட்ட பழைய ஜக்கார்டு அட்டைகள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. ஓட்டை உள்ள இடத்தில் பாவு இழை மேலே எழும். அப்படித்தான் முந்தானையில் மயில் விழுகிறது. ஒவ்வொரு அட்டையின் ஓரத்திலும் பென்சில் எண். "எண்ணு அழிஞ்சா எது முன்ன, எது பின்னன்னு தெரியாதுங்க, வெறும் அட்டைதான்" என்றார் பெரியவர்.

அவர் தறியில் ஓடும் பட்டுக்கும் இப்படி ஒரு கதை உண்டு. 1940-களின் தொடக்கத்தில் ஜப்பானிய மரபியலாளர் யடாரோ தஜிமா, பட்டுப்புழுக்கள் மேல் எக்ஸ் கதிர் பாய்ச்சினார். புழுவின் உடம்பில் அடையாளக் குறி போடும் மரபணு உள்ள குரோமோசோம் துண்டு முறிந்து, பெண்ணுக்கு மட்டுமே உள்ள குரோமோசோமில் ஒட்டிக்கொண்டது. அந்த வம்சத்தில் பெண் புழுவுக்குக் குறி, ஆண் புழு வெள்ளை. கலப்பின முட்டைக்கு ஆணையும் பெண்ணையும் பிரித்தே ஆகவேண்டும். கூட்டை அறுத்து, கூட்டுப்புழுவின் அடிவயிற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தால் கண் பூத்துவிடும். இந்தக் குறி அந்த வேலையை எளிதாக்கியது. குறிப்பும் புழுவும் இரண்டுமே காப்பாற்றப்பட்டதால்தான் அது பின்னால் வந்தவர்களுக்குப் பயன்பட்டது. புழு இனத்தை வளர்த்துக்கொண்டே இருக்கவேண்டும், விட்டால் போச்சு. நம் ஓசூரில் மத்திய பட்டு வாரியத்தின் இன வள மையம் இருப்பது இதற்காகத்தான்.

கதிர் பாய்ச்சப்பட்டுச் செத்துப்போன எலிகளை அப்படி வளர்த்துக் காக்க முடியாது, பதிவும் திசுவும்தான் மிச்சம். சிகாகோ அருகே ஆர்கோன் ஆய்வகத்தில் எலிகள் மேல் கதிர் பாய்ச்சிய 'ஜேனஸ்' திட்டம் 1992 வரை நடந்தது. சுமார் 50,000 எலிகள். எவ்வளவு கதிர் வாங்கியது, எந்நாளில் செத்தது, அறுத்துப் பார்த்தபோது என்ன நோய் என்று ஒவ்வொன்றுக்கும் பதிவு. திசுக்கள் மெழுகுக் கட்டியில். திட்டம் முடிந்தபின் இவற்றைக் காத்து, நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் பிறருக்கும் திறந்துவிட்டவர் கேல் வோலோஷாக். கொஞ்சம் கொஞ்சமாக வாங்கும் கதிர் எவ்வளவு குறைவாகப் பாதிக்கும் என்ற பழைய கணக்கை, 2015-இல் அவர் குழு இத்தகைய பழைய பதிவுகளை வைத்தே கேள்விக்குள்ளாக்கியது. அந்தக் கேள்விக்காகப் புதிதாக ஒரு எலியும் சாகவில்லை. எனக்கு இதுதான் பெரிய விஷயம்.

இயற்கையிலேயே கதிர் வீசும் கேரளத்தின் மோனசைட் மணல் கரையிலும் ஆய்வுக்காக எலி பிடித்தார்கள். மரபியலாளர் ஹான்ஸ் குரூனெபெர்க் குழு எலும்புகளை ஒப்பிட்டு 1966-இல் அறிக்கை தந்தது. கதிரின் தெளிவான மரபுப் பாதிப்பு எதுவும் தென்படவில்லை. அந்த மணல் இன்றும் அங்கேதான் இருக்கிறது, மக்களும் அதன் மேல்தான் வாழ்கிறார்கள். அந்த எலும்பு அளவுகளை வேறு கேள்வியோடு திரும்பப் பார்க்க யாருக்காவது தேவைப்படும். நம் ஆய்வகங்களின் நோட்டுகள், பேராசிரியர் ஓய்வு பெறும் நாளில் பழைய பேப்பர் கடைக்குப் போய்விடக் கூடாது.

பெரியவர் பரணிலிருந்து அட்டைக் கட்டு ஒன்றை இறக்கினார். மங்கிப்போன எண்களின் மேல் பால்பாயிண்ட் பேனாவால் மறுபடி எழுதத் தொடங்கினார்.