பத்தாம் பாகைக்குத் தெற்கே

அந்தமானுக்கும் நிக்கோபாருக்கும் நடுவே சுமார் 150 கிலோமீட்டர் அகலத்துக்குக் கடல். பத்து டிகிரி கால்வாய் என்று அதற்குப் பெயர். அதைத் தாண்டினால் வடக்கே கார் நிக்கோபார், நடுவே கமோர்ட்டா, நன்கவுரி, கச்சால், தென்கோடியில் பெரிய நிக்கோபார் என்று இருபதுக்கும் மேற்பட்ட தீவுகள். மொத்தப் பரப்பு 1,841 சதுர கிலோமீட்டர். கடைசி முனையான இந்திரா முனைக்குச் சென்னை எங்கோ தூரத்தில், சுமாத்ரா பக்கத்தில்.

கார் நிக்கோபார் தட்டையான பவளப்பாறை நிலம். பெரிய நிக்கோபாரோ மலையும் அடர்காடுமாக இருக்கிறது. துல்லியர் சிகரம் 642 மீட்டர் உயரம். இங்குள்ள மெகபோட் பறவை அடைகாப்பதில்லை. மணலையும் சருகையும் கால்களால் வாரிக் குவித்து மேடாக்கி, அதற்குள் முட்டையிட்டுப் போய்விடும். சருகு மட்கும் சூட்டில் முட்டை பொரிகிறது. குஞ்சு தானே மேட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வருகிறது. கலத்தியா ஆறு கடலில் சேரும் குடாவின் மணலில் ஏழுவரி ஆமைகள் முட்டையிடுகின்றன. சிறிய அந்தமான் கரையில் இதே இன ஆமைகளுக்குப் பெங்களூரு ஆய்வாளர்கள் செயற்கைக்கோள் கருவி பொருத்திப் பார்த்தார்கள். சில ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரைவரை போயின. சில ஆப்பிரிக்கா பக்கம் திரும்பின.

மாநக்கவாரம் என்று இராசேந்திர சோழன் கால மெய்க்கீர்த்தி இத்தீவுகளைச் சொல்கிறது. தரங்கம்பாடியில் இருந்த டேனியர் 1756-இல் உரிமை கொண்டாடிக் குடியேறப் பார்த்தார்கள். காய்ச்சல் அவர்களைக் கொன்று விரட்டியது. 1768-இல் வந்த மொராவிய மதபோதகர்களும் இருபது ஆண்டுக்குள் திரும்பிவிட்டார்கள். 1868-இல் டென்மார்க் தன் உரிமையைப் பிரிட்டனுக்கு விற்றது. கமோர்ட்டாவில் ஆங்கிலேயர் நடத்திய கைதிகள் குடியிருப்பும் 1888-இல் மூடப்பட்டது.

இத்தனைக்கும் நடுவில் நிக்கோபாரிகள் தென்னையும் பன்றியும் வளர்த்து, தாழையினப் பழத்தை வேகவைத்து, சதையைச் சுரண்டி நாரெடுத்து உண்டு வாழ்ந்து வந்தார்கள். பெரிய நிக்கோபாரின் உள்காடு சோம்பென் மக்களுடையது. 2011 கணக்கெடுப்பில் அவர்கள் 229 பேர். 1969 முதல் முன்னாள் ராணுவத்தினரின் குடும்பங்களை அரசு கேம்பல் பே பகுதியில் குடியமர்த்தியது. அவர்களில் தமிழரும் உண்டு.

2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் இந்திரா முனை நாலு மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. அங்கிருந்த கலங்கரை விளக்கத்தின் அடியைக் கடல் சூழ்ந்துகொண்டது. சுனாமி ஊர்களை அழித்தது. பெரிய நிக்கோபாரின் மேற்குக் கரையில் உயிர்பிழைத்த நிக்கோபாரிகளைக் கேம்பல் பே அருகே ராஜீவ் நகரில் தங்கவைத்தார்கள். தற்காலிகம் என்று நினைத்து வந்தவர்கள் அவர்கள். சொந்த ஊருக்குத் திரும்ப வேண்டும் என்று இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இதற்கிடையே, ஆமைகள் கரையேறும் அதே கலத்தியா குடாவில் சரக்குத் துறைமுகமும், தீவில் விமான நிலையமும் நகரமும் கட்டும் திட்டத்துக்கு 2022-இல் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. சுமார் 130 சதுர கிலோமீட்டர் காடு அதற்குப் போகும். புதிதாக ஆட்களைக் குடியேற்றும் முன், காத்திருப்பவர்களை அவர்கள் கரைக்குத் திருப்பி அனுப்புவதே அரசு செய்ய வேண்டிய முதல் வேலை.

(தொடரும்)