ஜன்னல் துடைப்பவரின் நீளக் கழியும் நம் வீட்டு மானிட்டரும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குபவர்களில் பலர் முதல் மாதத்திலேயே ஒரு தவறைச் செய்திடுவார்கள். நானும் செய்தேன். மானிட்டர் திரையில் பிள்ளைகளின் விரல் தடங்கள் அப்பிக் கிடந்தன. பழைய பனியன் துணியைக் குழாய்த் தண்ணீரில் நனைத்து, பிழிந்து, அழுத்தித் துடைத்தேன். ஈரமாக இருந்தபோது திரை பளபளவென்று இருந்தது. காய்ந்த பின் பார்த்தால் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள்! மறுபடி துடைத்தேன், புள்ளிகள் கோடுகளாக மாறின. மூன்றாவது முறை அழுத்தித் துடைத்ததில் திரையில் ஒரு மெல்லிய கீறல் விழுந்தது. அது இன்றும் இருக்கிறது.

இதற்கான விளக்கம் எனக்கு எந்தக் கம்ப்யூட்டர் கடையிலும் கிடைக்கவில்லை. லண்டனில் மகள் வீட்டிற்குச் சென்றிருந்தபோது, தெருவில் ஜன்னல் துடைத்துக் கொண்டிருந்த ஒரு தொழிலாளியிடம் கிடைத்தது. அவர் பயன்படுத்திய கருவிக்குள் நம் வாசகர்களுக்குத் தெரிந்த விஷயங்கள் பல ஒளிந்திருக்கின்றன. ஆர்.ஓ. இருக்கிறது, யு.பி.எஸ். பேட்டரி இருக்கிறது, சி.பி.யு. விசிறியின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் அதே நுட்பமும் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போமா?

ஒட்டடைக் கம்புக்குள் ஓடும் தண்ணீர்

நம் வீடுகளில் ஒட்டடைக் கம்பு இருக்கும். ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி நீட்டும் வகையும் கடைகளில் கிடைக்கிறது. அதை மூன்று மாடி உயரத்திற்கு நீட்டுவதாகக் கற்பனை செய்து கொள்ளுங்கள். நுனியில் ஒரு பிரஷ். கம்பத்தின் உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் குழாய். அந்தக் குழாய் வழியாகத் தண்ணீர் ஏறி, பிரஷ்ஷில் உள்ள சிறு துளைகள் வழியாகக் கண்ணாடி மீது பீய்ச்சும். இதுதான் வாட்டர் ஃபெட் போல். தண்ணீர் ஏறும் கழி என்று வைத்துக் கொள்வோம். நீளமான கழிகள் சுமார் 20 மீட்டர் வரை எட்டும்.

தொழிலாளி தரையில் நின்றபடி முதலில் மேல் சட்டத்தைத் தேய்க்கிறார். பிறகு கண்ணாடியை மேலும் கீழுமாகத் தேய்த்து அழுக்கை இளக்குகிறார். கடைசியில் தண்ணீரை வழியவிட்டு அலசுகிறார். அவ்வளவுதான். சோப்பு இல்லை, துணி இல்லை, ரப்பர் வைப்பரும் இல்லை. கண்ணாடியை ஈரமாகவே விட்டுவிட்டு அடுத்த ஜன்னலுக்குப் போய்விடுகிறார்!

துடைக்காமல் விட்டால் புள்ளி விழாதா?

எனக்கும் அதே சந்தேகம்தான். அவரிடமே கேட்டேன். பதில் சொல்லாமல் சட்டைப் பையிலிருந்து பேனா போன்ற ஒரு மீட்டரை எடுத்தார். கழியிலிருந்து சொட்டிய தண்ணீரைப் பிடித்து அதில் மீட்டரை நனைத்துக் காட்டினார். 000 என்று காட்டியது.

நம் ஊரில் ஆர்.ஓ. மெஷின் விற்க வருபவர் காட்டுவாரே, அதே டி.டி.எஸ். மீட்டர்தான். தண்ணீரில் கரைந்திருக்கும் திடப்பொருள்களின் அளவை பி.பி.எம். என்ற கணக்கில் சொல்கிறது. 300 பி.பி.எம். என்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 300 மில்லிகிராம் கால்சியம், மக்னீசியம் போன்ற உப்புகள் கரைந்திருக்கின்றன என்று பொருள். தண்ணீர் ஆவியாகும்போது இந்த உப்புகள் ஆவியாவதில்லை. துளி எங்கே காய்கிறதோ அங்கேயே தங்கிவிடுகின்றன. என் மானிட்டரில் விழுந்த வெள்ளைப் புள்ளிகள் அழுக்கல்ல. நான் துடைத்த தண்ணீரே விட்டுச் சென்ற உப்பு!

ஆக, துணியும் வைப்பரும் ஜன்னலுக்குத் தேவைப்படுவது அழுக்கை எடுக்க மட்டுமல்ல. காய்வதற்கு முன் தண்ணீரை எடுக்கவும்தான். தண்ணீரில் எதுவுமே கரைந்திராவிட்டால் அந்த வேலையே மிச்சம். இந்தத் தொழிலில் 10 பி.பி.எம்.முக்குள் இருக்க வேண்டும் என்று பார்க்கிறார்கள். பூஜ்யமாக இருந்தால் இன்னும் நல்லது.

மூன்று கட்டச் சுத்திகரிப்பு

லண்டன் தண்ணீர் சுண்ணாம்புப் பாறைப் பகுதிகளிலிருந்து வருவதால் கடினத் தன்மை அதிகம். அதைப் பூஜ்யமாக்க அவருடைய வேனுக்குள் மூன்று கட்டங்கள் இருந்தன.

1. முன் வடிகட்டிகள்: முதலில் மண்ணையும் துருவையும் பிடிக்கும் வடிகட்டி. அடுத்து கார்பன் வடிகட்டி. இது குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரினை நீக்குகிறது. இன்றைய ஆர்.ஓ. சவ்வுகளைக் குளோரின் அரித்துவிடும். நம் வீட்டு ஆர்.ஓ.வில் கார்பன் கேண்டிலைக் காலத்தில் மாற்றச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

2. ஆர்.ஓ. சவ்வு: அழுத்தம் கொடுத்துத் தண்ணீரை நுண்ணிய சவ்வு வழியே தள்ளினால் உப்பில் பெரும் பகுதி பின்தங்கிவிடும். நடைமுறைக்கு உதவும் வேகத்தில் தண்ணீர் விடும் சவ்வை 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் உருவாக்கியவர்கள் இருவர். ஒருவர் சிட்னி லோப். மற்றவர் இந்தியாவிலிருந்து சென்ற விஞ்ஞானி ஸ்ரீனிவாச சௌரிராஜன். இன்று நம் சமையலறையில் தொங்கும் பெட்டிக்கும் அதுவே மூதாதை.

3. ரெசின்: சிறு மணிகளாக இருக்கும் பிளாஸ்டிக் போன்ற பொருள் இது. ஒரு வகை மணி கால்சியம், சோடியம் போன்றவற்றைப் பிடித்துக் கொண்டு ஹைட்ரஜன் அயனியை விடுகிறது. மறு வகை குளோரைடு, சல்பேட் போன்றவற்றைப் பிடித்துக் கொண்டு ஹைட்ராக்சில் அயனியை விடுகிறது. இரண்டும் சேர்ந்தால் தண்ணீர்! மீதமிருந்த உப்பும் போய்விடுகிறது.

ரெசின் மட்டுமே போதாதா, ஆர்.ஓ. எதற்கு என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆர்.ஓ. 95 சதவீத உப்பை நீக்கினால் 300 என்பது 15 ஆகிறது. ரெசினின் சுமை இருபதில் ஒரு பங்காகக் குறைகிறது. அதாவது ரெசின் இருபது மடங்கு தண்ணீருக்குத் தாங்கும். ஆனால் ஆர்.ஓ.வுக்கும் ஒரு விலை உண்டு. உள்ளே போகும் தண்ணீரில் கணிசமான பங்கு, சில நேரம் பாதிக்கும் மேல், கழிவாக வெளியேறுகிறது. தண்ணீர் தட்டுப்பாடு உள்ள ஊரில் இதை யோசித்துத்தான் செய்திட வேண்டும். தண்ணீர் மென்மையாக உள்ள ஊர்களில் ரெசினை மட்டும் வைத்தே சமாளிக்கிறார்கள்.

மீட்டர் சொல்வதும் சொல்லாததும்

டி.டி.எஸ். மீட்டர் உண்மையில் உப்பை எண்ணுவதில்லை. இரு முனைகளுக்கு இடையே தண்ணீர் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்று அளந்து, அதை பி.பி.எம். ஆக மாற்றிக் காட்டுகிறது. சுத்தமான தண்ணீர் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும். கரைந்த உப்புதான் கடத்துகிறது. சர்க்கரை மின்சாரத்தைக் கடத்தாது. எனவே சர்க்கரை கலந்த தண்ணீருக்கு இந்த மீட்டர் பெரிதாக எதுவும் காட்டாது. கிருமி இருந்தாலும் காட்டாது. மீட்டரில் எண் குறைந்திருக்கிறது என்பதற்காக அது குடிக்க ஏற்ற தண்ணீர் என்று முடிவு செய்துவிடாதீர்கள்.

கழி மாறிய விதம்

தொடக்கத்தில் அலுமினியக் கழிகள் இருந்தன. பிறகு கண்ணாடி இழைக் கழிகள் வந்தன. இப்போது உயரமான வேலைக்குக் கார்பன் ஃபைபர் கழிகள்தான் விரும்பப்படுகின்றன. அலுமினியம் ஒரு கன சென்டிமீட்டருக்கு 2.7 கிராம் எடை. கார்பன் ஃபைபர் கலவை சுமார் 1.6 கிராம்தான். அது கண்ணாடி இழைக் கலவையை விட விறைப்பும் கூட. நீட்டிய கழி தூண்டில் போல வளைந்தால் நுனியிலுள்ள பிரஷ் கண்ணாடியில் நிற்காது. தோளும் இடுப்பும் போய்விடும். உள்ளே இருக்கும் தண்ணீர் எடை எவ்வளவு என்று பயப்பட வேண்டாம். 5 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாயில் 20 மீட்டர் நீளத்திற்கு 400 மில்லிலிட்டருக்கும் குறைவாகவே தண்ணீர் நிற்கும்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. கார்பன் ஃபைபர் மின்சாரத்தைக் கடத்தும். மேலே செல்லும் மின்கம்பிகள் அருகே இந்தக் கழியை நீட்டுவது உயிருக்கே ஆபத்து. கண்ணாடி இழைக் கழியும் ஈரமும் அழுக்கும் படிந்தால் நம்பத் தகுந்ததல்ல. மொட்டை மாடியில் நின்று அலுமினியத் துரட்டியால் மாங்காய் பறிப்பவர்களும் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

பம்ப்பை ஆளும் சிப்

தண்ணீரை 20 மீட்டர் ஏற்ற இரண்டு பார் அழுத்தமாவது வேண்டும். அதற்கு வேனில் 12 வோல்ட் பம்ப் இருக்கிறது. பம்ப்பை முழு வேகத்தில் ஓட விட்டால் தண்ணீரும் வீண், பேட்டரியும் வீண். இங்கேதான் நம் கம்ப்யூட்டர் விஷயம் வருகிறது.

பம்ப்புக்கு முன்னால் ஒரு சிறிய கன்ட்ரோலர் இருக்கிறது. அதில் உள்ள மைக்ரோகன்ட்ரோலர் சிப் பம்ப்புக்குப் போகும் மின்சாரத்தை மிக வேகமாக ஆன், ஆஃப் செய்கிறது. ஆன் ஆக இருக்கும் நேரம் கூடினால் வேகம் கூடும். குறைந்தால் வேகம் குறையும். இதற்குப் பெயர் பல்ஸ் விட்த் மாடுலேஷன். உங்கள் சி.பி.யு. மேல் நான்கு பின் உள்ள விசிறி இருந்தால் அதுவும் இதே முறையில்தான் வேகம் மாற்றுகிறது.

சிப் இன்னொரு வேலையும் செய்கிறது. தொழிலாளி தண்ணீரை நிறுத்த மேலே ஒரு வால்வை மூடுவார். குழாயில் அழுத்தம் ஏறும். பம்ப் திணறும், அது இழுக்கும் மின்சாரம் கூடும். அந்த மாற்றத்தைக் கண்டறிந்து சிப் பம்ப்பை நிறுத்திவிடும். இந்த உணர்வு அளவைச் சரியாக செட் செய்திடாவிட்டால், குளிர்கால காலையில் பம்ப் இறுக்கமாக ஓடுவதைக் கூட வால்வு மூடியதாக எண்ணி நின்றுவிடுமாம்! பேட்டரி வோல்டேஜ் மிகவும் இறங்கினாலும் நிறுத்திவிடும். லெட் ஆசிட் பேட்டரியை அடியோடு காலி செய்தால் அதன் ஆயுள் குறையும் என்பது யு.பி.எஸ். வைத்திருக்கும் நமக்குத் தெரியாததா? இப்போது எடை குறைந்த லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிகளும் வந்துவிட்டன.

ஏணியை விட்டு இறங்கியவர்

இவ்வளவு செலவு எதற்கு என்று கேட்டேன். அவர் லேசாக நொண்டி நடந்து காட்டினார். பல ஆண்டுகளுக்கு முன் மழை ஈரத்தில் ஏணி சறுக்கி, முதல் மாடி உயரத்திலிருந்து விழுந்தாராம். ஆறு மாதம் வேலை இல்லை. அதன் பிறகு ஏணியைத் தொடவில்லை என்றார்.

பிரிட்டனில் உயரத்தில் வேலை செய்வது பற்றிய ஒழுங்குவிதிகள் 2005 ஏப்ரல் 6 முதல் நடைமுறைக்கு வந்தன. அவற்றின் முதல் விதி எளிமையானது. தரையில் நின்று செய்ய முடிகிற வேலைக்கு மேலே ஏறாதே. ஏணியை அந்த விதிகள் தடை செய்யவில்லை. ஆனால் அதற்கு முன் வேறு வழி உண்டா என்று பார்க்கச் சொல்கின்றன. நீளக் கழி பரவ அதுவும் ஒரு காரணம்.

குறைகளும் உண்டு. பெயின்ட் தெறிப்பு, சிமென்ட் கறை போன்றவை பிரஷ்ஷுக்கு அசையாது. நெடுநாள் சுத்தம் செய்யாத ஜன்னலில் சட்டத்து அழுக்கு வழிந்து முதல் முறை புள்ளி விழலாம். வானுயரக் கட்டடங்களுக்குக் கயிறும் தொட்டிலும்தான் இன்னமும் வேண்டும். தொட்டியில் தேங்கும் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் லெஜியோனெல்லா என்ற கிருமி வளரும். நுண்துளியாக மூச்சில் போனால் நுரையீரலைத் தாக்கும். எனவே தொட்டியையும் சுத்தமாக வைத்திருக்க வேண்டும்.

நம் மானிட்டருக்கு என்ன பாடம்?

1. மானிட்டரை ஆஃப் செய்து, பவர் பிளக்கை எடுத்துவிடவும். கறுப்புத் திரையில்தான் தூசி நன்றாகத் தெரியும்.

2. முதலில் உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் தூசியை மெதுவாகத் தட்டி எடுக்கவும். தூசியோடு அழுத்தித் தேய்த்ததால்தான் எனக்குக் கீறல் விழுந்தது.

3. தடம் போகவில்லையா? டிஸ்டில்டு வாட்டரைத் துணியில் சில துளிகள் மட்டும் விட்டுத் துடைக்கவும். திரை மீது நேரடியாகத் தெளிக்கக் கூடாது. ஓரம் வழியாக உள்ளே இறங்கினால் மானிட்டரே வீணாகும்.

4. வீட்டு ஆர்.ஓ. தண்ணீர் இதற்குச் சரியல்ல. குடிப்பதற்காகக் கொஞ்சம் உப்பு இருக்கும்படியே பல மெஷின்களை அமைத்திருப்பார்கள்.

5. அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனர், ஸ்பிரிட் ஆகியவற்றைத் தவிர்க்கவும். திரையின் மேல் பூச்சு கெட்டுவிடும். மானிட்டருடன் வந்த கையேட்டையும் ஒரு முறை பார்த்துக் கொள்ளவும்.

ஊர் திரும்பியதும் ஒரு பாட்டில் டிஸ்டில்டு வாட்டர் வாங்கி வைத்தேன். இப்போது திரையில் புள்ளி விழுவதில்லை. கீறல் மட்டும் அப்படியே இருக்கிறது. கம்ப்யூட்டரை ஆன் செய்திடும் போதெல்லாம் அதைப் பார்க்கிறேன். உங்கள் திரையில் அப்படி ஒன்று விழாமல் பார்த்துக் கொள்ளுங்கள்.