கீமோவுக்கு முன் வீடும் தயாராகட்டும்

மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ தொடங்க வேண்டும் என்று டாக்டர் தேதி குறித்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி, "முடியெல்லாம் கொட்டிடுமா?" என்பது. அடுத்தது, "வாந்தி நிக்காதாமே?" இரண்டும் நியாயமான பயங்கள்தான். ஆனால் அன்றைக்கே, ஓ.பி. அறையை விட்டு வெளியே வருவதற்குள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இன்னொன்று இருக்கிறது. நடுராத்திரியில் காய்ச்சல் அடித்தால் எந்த நம்பரைக் கூப்பிடுவது, எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது?

திருவனந்தபுரம் ஆர்.சி.சி.க்குப் போகும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தக் கேள்வி இன்னும் அவசரமானது. மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் இருக்கும் இந்த மண்டலப் புற்றுநோய் மையம் 1981-இல் உருவானது. அதன் நிறுவன இயக்குநர் டாக்டர் எம். கிருஷ்ணன் நாயர். நாகர்கோவில், மார்த்தாண்டம், திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து மக்களுக்குச் சென்னையை விட இதுதான் கிட்ட. கிட்ட என்றாலும் நாகர்கோவிலில் இருந்தே ஏறக்குறைய 70 கிலோமீட்டர். மார்பகப் புற்றுநோய்க்கான கீமோ பெரும்பாலும் காலையில் போய் டிரிப் ஏற்றிக்கொண்டு அன்றே திரும்பும் சிகிச்சை. மருந்து ஏறுவது அங்கே. அதன் விளைவுகளைச் சந்திக்கப் போவது வீட்டில்.

கீமோ மருந்து வேகமாகப் பெருகும் செல்களைத் தேடித் தாக்கும். புற்றுசெல் அப்படிப் பெருகுவது. முடியின் வேரும், வாய், குடலின் உட்தோலும், ரத்தம் ஊறும் எலும்பு மஜ்ஜையும் அப்படித்தான். அதனால்தான் முடி கொட்டுகிறது, வாய் புண்ணாகிறது, ரத்த அணுக்கள் குறைகின்றன. மருந்து ஏறிய 7 முதல் 14 நாட்களுக்குள் வெள்ளணுக்கள் மிகவும் இறங்கிவிடும். வார்டில் "கவுண்ட் கம்மி" என்று சொல்வது இதைத்தான். அந்த நாட்களில் தெர்மாமீட்டர் 100.4 டிகிரியைத் தொட்டால், விடியட்டும் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. எதிர்த்து நிற்க அணுக்கள் இல்லாத உடம்பில் சீழோ வீக்கமோ தெரியாமலே கிருமி ரத்தத்தில் பரவிவிடும். ஆன்டிபயாடிக் ஊசி உடனே ஏற வேண்டும். வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலைப் போட்டுக்கொண்டு படுப்பது ஆபத்து. சூடு இறங்கிவிடும், நோய்த்தொற்று உள்ளே இருக்கும்.

ஆகவே முதல் டோஸுக்கு முன்பே ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள். காய்ச்சல் வந்தால் ஆர்.சி.சி.க்கே வர வேண்டுமா, ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜ் போல பக்கத்து ஆஸ்பத்திரியில் முதல் ஊசியைப் போட்டுக்கொள்ளலாமா என்று டாக்டரிடமே கேளுங்கள். என்ன மருந்து, எந்தத் தேதியில், எத்தனையாவது டோஸ் என்ற விவரம் உள்ள தாளை ஃபைலின் மேலேயே வையுங்கள். ராத்திரி டூட்டியில் இருக்கும் இளம் டாக்டருக்கு அந்த ஒரு தாள் பெரிய உதவி. எந்த நேரத்திலும் வண்டி எடுத்து வரக்கூடிய ஒருவரிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பதும் அவசியம்.

தொடங்குவதற்கு முன் ரத்தப் பரிசோதனை, ஈரல், சிறுநீரகச் செயல்பாடு, மஞ்சள் காமாலை வைரஸ் சோதனை, இதயத்துக்கு எக்கோ எல்லாம் எடுப்பார்கள். பலருக்கும் முதலில் ஏறும் டாக்ஸோரூபிசின் இதயத்தைப் பாதிக்கக்கூடியது என்பதால்தான் எக்கோ. சொத்தைப் பல் இருந்தால் இப்போதே காட்டிவிடுவது நல்லது. இன்னும் குழந்தை பெறும் ஆசை உள்ள பெண்ணாக இருந்தால் அதையும் இப்போதே, முதல் டோஸுக்கு முன்பே சொல்ல வேண்டும். கருமுட்டையைப் பாதுகாக்க வழிகள் உண்டு; மருந்து ஏறிய பிறகு கேட்டால் பலருக்குக் காலம் கடந்திருக்கும். மாமியாரும் மாமனாரும் கூட நிற்கும்போது இதைக் கேட்க எந்தப் பெண்ணுக்கும் வாய் வராது. டாக்டரோ நர்ஸோ அவரைத் தனியே கூப்பிட்டுப் பேசுவதுதான் முறை என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

டாக்ஸோரூபிசின் சிவப்பாக இருக்கும். ஏற்றிய பின் ஓரிரு நாள் சிறுநீரும் சிவந்து போகும். ரத்தம் என்று பதற வேண்டாம். டிரிப் ஏறும் இடத்தில் எரிச்சலோ வீக்கமோ தெரிந்தால் மட்டும் அந்த நிமிடமே நர்ஸைக் கூப்பிடுங்கள். நரம்புக்கு வெளியே கசிந்தால் அது சதையைப் புண்ணாக்கிவிடும். தொந்தரவு செய்கிறோமோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அம்மாக்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வாந்தி பற்றிய பயம் பெரும்பாலும் பழைய காலத்துக் கதைகளில் இருந்து வருகிறது. இன்றைக்கு டிரிப்புக்கு முன்பே தடுப்பு மருந்து கொடுத்து, வீட்டுக்கும் மாத்திரை எழுதித் தருகிறார்கள். குமட்டல் வந்த பிறகு போடலாம் என்று காத்திருக்காமல், எழுதிய நேரத்துக்குப் போட வேண்டும். சாப்பாட்டில் முட்டை, மீன், பருப்பு என்று புரதம் வேண்டும். எல்லாம் நன்றாக வெந்திருக்க வேண்டும். கறி ஆகாது, இனிப்பு ஆகாது என்று பத்தியம் போட்டு, ஏற்கெனவே பசியில்லாத பெண்ணைப் பட்டினி போடுவது கொடுமை. முள் சீத்தாப்பழம் புற்றை அழிக்கும் என்று கேரளத்தில் ஒரு காலம் பெரிய அலையே அடித்தது. பழமோ, இலைச்சாறோ, நாட்டு மருந்தோ, டாக்டரிடம் மறைத்து எதுவும் வேண்டாம்.

முடி விஷயத்துக்கு வருவோம். இரண்டு, மூன்று வாரத்தில் கொட்டத் தொடங்கும். தலையணையிலும் குளியலறைச் சல்லடையிலும் கொத்துக் கொத்தாகக் கிடப்பதைப் பார்ப்பதுதான் பலரை உடைத்துவிடுகிறது. முன்பே குட்டையாக வெட்டிக்கொண்டால் அந்த அதிர்ச்சி கொஞ்சம் குறையும். விக் வேண்டுமா, துணி கட்டிக்கொள்வதா, மொட்டைத் தலையோடே நடப்பதா என்பதை அவரே முடிவு செய்யட்டும். "முடிதானே, வளந்துடும்" என்று அவசரமாகச் சமாதானம் சொல்லாதீர்கள். வளரும்தான், சிகிச்சை முடிந்த சில வாரங்களில் துளிர்க்கத் தொடங்கும். ஆனால் அவருக்கு இன்றைக்கு அழ வேண்டும்.

நோயை நோயாளிக்கே மறைக்கும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் போகவில்லை. "கட்டிக்கு ஊசி" என்று சொல்லிக் கூட்டிவருகிறார்கள். பக்கத்து நாற்காலியில் இருப்பவர் பேச்சிலிருந்து அவர் தெரிந்துகொள்கிறார். அப்படித் தெரிந்துகொள்ளும் பெண் அதன் பிறகு யாரையும் நம்புவதில்லை. பிள்ளைகளுக்கும் அவரவர் வயதுக்குத் தக்கபடி சொல்லிவிடுங்கள். இது ஒட்டிக்கொள்ளும் நோய் அல்ல, அம்மாவைக் கட்டிப்பிடிக்கலாம் என்பது அவர்களுக்குத் தெரிந்தாக வேண்டும். சளி, காய்ச்சல் உள்ள விருந்தாளியைத்தான் வாசலிலேயே நிறுத்த வேண்டும். தூக்கமே இல்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை என்று இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அதற்கும் சிகிச்சை உண்டு.

செலவில் ஒரு சிறு ஆறுதல் ரயில் சலுகை. சிகிச்சைக்காகப் போகும் புற்றுநோயாளிக்கும் உடன் செல்பவருக்கும் இரண்டாம் வகுப்பில் 75 விழுக்காடு தள்ளுபடி. சிலீப்பரில் நோயாளிக்குக் கட்டணமே இல்லை. ஆஸ்பத்திரி கையெழுத்திட்ட படிவம் வேண்டும், முதல் முறை போகும்போதே வாங்கிவிடுங்கள். சில முறை அவ்வளவு தூரம் போய் ரத்தம் கொடுத்த பிறகு கவுண்ட் போதாது, அடுத்த வாரம் வாருங்கள் என்று திருப்பி அனுப்புவார்கள். சிகிச்சை தோற்றுவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. உடம்பு தேற அவகாசம் கேட்கிறது; டோஸ் ஒரு வாரம் தள்ளிப் போகிறது, அவ்வளவுதான். லீவு கேட்கும்போதே அந்த ஒரு வாரத்தையும் சேர்த்துக் கேட்டு வையுங்கள்.