மிச்ச இரைப்பையின் கணக்கு

மன்னார்த் தீவில் வயிறு எரிந்தாலும் ஊதினாலும் 'காஸ்ட்ரைட்டிஸ்' என்று ஒரே பெயர்தான். மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார்கள். மேல்வயிற்றில் நெடுக்காகப் பழைய வெட்டுத் தழும்பு உள்ளவர் மட்டும் அப்படி இருந்துவிடக் கூடாது.

ஒரு காலத்தில் ஆறாத குடற்புண்ணுக்குக் கத்திதான் கடைசி வழி. இரைப்பையின் கீழ்ப்பகுதியை வெட்டியெடுத்து, மிச்சத்தைச் சிறுகுடலோடு தைத்துவிடுவார்கள். 1881இல் வியன்னாவில் தியோடர் பில்ரோத் ஒரு புற்றுநோயாளிக்குச் செய்த சத்திரசிகிச்சையின் வழிவந்தது அது. எத்தனையோ உயிர்களைக் காத்தது. 1982இல் அவுஸ்திரேலியாவில் பரி மார்ஷலும் ரொபின் வொரனும் ஹெலிகோபக்டர் பைலோரி கிருமியைப் பிடித்துக் காட்டிய பிறகு, புண் மாத்திரையிலேயே ஆறத் தொடங்கியது, வெட்டு அருகியது. முன்பே வெட்டுப்பட்டவர்கள் இன்று முதியவர்கள்.

சிக்கல் அந்த மிச்ச இரைப்பையில்தான். சிறுகுடலில் கிடக்க வேண்டிய பித்தநீர் மேலேறி அதன் உட்சுவரை நாளும் அரிக்கிறது. அமிலம் குறைந்துவிடுவதால் பக்டீரியாக்கள் பெருகி, புற்றுநோயைத் தூண்டும் நைத்திரசன் சேர்வைகளை உண்டாக்குகின்றன. பல வருடங்கள் ஒன்றும் தெரியாது. 15, 20 வருடங்கள் கழிந்த பிறகே ஆபத்து ஏறுகிறது. கட்டி பெரும்பாலும் பழைய தையலை ஒட்டியே முளைக்கிறது. அமெரிக்காவில் டொனால்ட் பல்போர் 1922இலேயே இதை எழுதிவைத்தார். வெட்டுப்பட்டவர்களில் பெரும்பாலானோருக்கு இந்த நோய் வருவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

உப்பில் ஊறிய உணவும் புகைத்தலும் இரைப்பைப் புற்றுநோய்க்குத் துணைபோகின்றன. பேசாலையில் கருவாட்டை விடு என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஊறவைத்த தண்ணீரை ஊற்றிவிட்டு, அளவோடு சமைக்கலாம். சுருட்டை விட்டே ஆக வேண்டும்.

இந்தக் கரைக்கு இன்னொரு துயரமும் உண்டு. 1990இல் இங்கிருந்த முஸ்லிம்கள் விரட்டப்பட்டுப் புத்தளம் போனார்கள். தமிழர் பலர் படகேறி இராமேஸ்வரம் சேர்ந்தார்கள். அந்த ஓட்டத்தில் ஆஸ்பத்திரித் துண்டை யார் பத்திரப்படுத்தியிருப்பார்கள்? ஆகவே தழும்பைக் காட்டி, எந்த வருடம், எந்த ஊரில், எதற்காக வெட்டினார்கள் என்று நினைவிருப்பதைச் சொல்லி, கிளினிக் கொப்பியில் எழுதுவித்துக்கொள்வது முக்கியம். அதைப் பார்க்கும் வைத்தியர்தான் கமராக் குழாய் விட்டுப் பார்க்கும் தேவையைத் தீர்மானிப்பார். சாப்பாடு சீக்கிரம் நிறைந்துவிடுவது, காரணமில்லாத மெலிவு, கறுத்த மலம், சோகை என்று எது தென்பட்டாலும் நாள் கடத்தக் கூடாது.

புற்றுநோய்ச் சிகிச்சைக்கென்று மகரகமவுக்கே ஓட வேண்டியதில்லை. தெல்லிப்பழையிலும் புற்றுநோய் வைத்தியசாலை இருக்கிறது. மன்னாரிலிருந்து பூநகரி வழியாகச் சங்குப்பிட்டிப் பாலம் கடந்தால் யாழ்ப்பாணம். அங்கிருந்து வடக்கே கொஞ்சத் தூரம்தான்.