ஈஈவிப் பறவையும் கொசுவும்

பசிபிக் மாகடலின் நடுவே, கண்டங்களிலிருந்து 3,000 கிலோமீட்டருக்கும் அப்பால், எரிமலைகளால் தோன்றியவை ஹவாயித் தீவுகள். உலகில் வேறெங்கும் காணப்படாத ஈஈவி என்னும் சிறு பறவை அங்கு வாழ்கின்றது. இதன் நீளம் ஏறத்தாழ 14 சென்டிமீட்டர். எடை ஏறத்தாழ 20 கிராம். உடல் செந்நிறமாகவும், சிறகும் வாலும் கருநிறமாகவும் இருக்கும். நீண்ட அலகு அரிவாளைப்போல் கீழ்நோக்கி வளைந்திருக்கும்.

தோற்றத்தில் இப்பறவை நம் தோட்டங்களில் திரியும் தேன்சிட்டை நினைவூட்டும். ஆயினும் இரண்டும் உறவுடையன அல்ல. ஈஈவி, விதை தின்னும் ஃபிஞ்சுப் பறவைகளின் குடும்பத்தைச் சேர்ந்தது. பல இலட்சம் ஆண்டுகட்கு முன் இத்தீவுகளை அடைந்த ஒரு மூதாதையினத்திலிருந்து 50-க்கு மேற்பட்ட இனங்கள் கிளைத்தன. குழல் வடிவான லொபீலியா மலர்களில் தேன் பருகுவதற்கேற்ப ஈஈவியின் அலகு அமைந்துள்ளது. இன்று அதன் முதன்மையான உணவு ஓஹியா மரத்தின் செம்மலர்த் தேனாகும். இதன் இறகுகளைக் கொண்டு ஹவாயித் தலைவர்களின் மேலாடைகள் செய்யப்பட்டன.

முற்காலத்தில் கடற்கரை முதல் மலையுச்சிக் காடுகள் வரை இப்பறவை மிகுதியாக இருந்தது. இத்தீவுகளில் கொசு என்பதே அக்காலத்தில் இல்லை. 1826-ல் மௌவி தீவுக்கு வந்த கப்பலொன்றின் நீர்ப்பீப்பாய்கள் வாயிலாகக் கொசு புகுந்தது எனக் கூறுவர். பின்னர், வெளிநாட்டுப் பறவைகளுடன் பறவை மலேரியா ஒட்டுண்ணியும் வந்து சேர்ந்தது. இந்நோய் மனிதரைத் தாக்குவதில்லை. ஆனால் தொன்றுதொட்டு இதனை அறியாத ஈஈவிக்கு எதிர்ப்பாற்றல் இல்லை. சோதனையில், நோயுற்ற கொசு ஒருமுறை கடித்த பறவைகளுள் பத்தில் ஒன்பது மடிந்தன.

குளிர்ந்த மலைப்பகுதியில் கொசு குறைவு. ஒட்டுண்ணியும் எளிதில் வளர்வதில்லை. ஆகவே ஈஈவி இப்போது பெரும்பாலும் 1,200 மீட்டருக்கு மேற்பட்ட காடுகளில் ஒதுங்கியுள்ளது. புவி வெப்பமடையுந்தோறும் கொசு மேலேறுகின்றது. பறவைக்கு மேலே செல்ல இடமில்லை. 2017-ல் அமெரிக்க அரசு இதனை அச்சுறுத்தலுக்குட்பட்ட இனமாக அறிவித்தது.

காட்டுப்பன்றிகள் மரப்பெரணியின் தண்டைக் குடைந்து தின்னும் குழிகளில் நீர் தேங்கிக் கொசு பெருகுகின்றது. ஆதலின் காடுகளுக்கு வேலியிட்டுப் பன்றிகளை அகற்றுகின்றனர். வோல்பாக்கியா என்னும் பாக்டீரியாவின் வேற்று வகையைத் தாங்கிய ஆண் கொசுக்களைக் காட்டில் விடும் பணியும் 2023-ல் மௌவியில் தொடங்கிற்று. ஆண் கொசு கடிப்பதில்லை. அதனுடன் இணையும் பெண் கொசுவின் முட்டைகள் பொரிப்பதில்லை.

இங்குக் குறிக்கப்பெற்ற க்யூலெக்ஸ் குவின்குஃபாசியேட்டஸ் கொசு நமக்குப் புதிதன்று. நம் நாட்டில் யானைக்கால் நோயைப் பரப்புவதும் அதுவே. தேங்கும் நீர் சிறிதாயினும் அதன் விளைவு பெரிது என்பதை மாணவர்க்கும் ஊர் மக்களுக்கும் விளக்க, ஈஈவியின் வரலாறு ஏற்ற சான்றாகும்.