சரக்கு எல்லை தாண்டியது! வரி யாருக்கு?

கல்கத்தாவில் ஒரு மருந்துக் கம்பெனி. பெயர், பெங்கால் இம்யூனிட்டி. தடுப்பூசி மருந்து தயாரிப்பது அதன் தொழில்.

பீகாரில் அதற்குக் கடை இல்லை. கிடங்கு இல்லை. ஏஜெண்டும் இல்லை. அங்கிருந்து ஆர்டர் வந்தால், கல்கத்தாவில் இருந்து மருந்து போகும். அவ்வளவுதான்.

1951-ம் ஆண்டு அந்தக் கம்பெனிக்கு பீகார் சர்க்கார் ஒரு நோட்டீசு அனுப்பியது. பீகாரில் பதிவு செய்துகொண்டு, விற்பனை வரி கட்ட வேண்டும் என்று அதில் கண்டிருந்தது. கம்பெனி மறுத்தது.

ஏன் கேட்டார்கள்?

பொருள் எந்த மாநிலத்தில் உபயோகத்துக்காக ஒப்படைக்கப்படுகிறதோ, அங்கேயே விற்பனை நடந்ததாகக் கருத வேண்டும் என்று அரசியல் சட்டத்தில் அப்போது ஒரு விளக்கம் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் பீகார் வரி கேட்டது.

பத்து மாநிலங்களுக்குச் சரக்கு அனுப்புகிறவர் பத்து இடத்திலும் கணக்குக் காட்டுவது என்றால்? பெரிய கம்பெனி வக்கீல் வைத்துக் கொள்ளும். சிறு வியாபாரிக்கு ஏது வக்கீல்?

4 பேர், 3 பேர்

பாட்னா ஐகோர்ட்டில் கம்பெனி தோற்றது. சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. 7 நீதிபதிகள் விசாரித்தார்கள்.

1955 செப்டம்பரில் தீர்ப்பு. 4 பேர் கம்பெனி பக்கம். 3 பேர் எதிர்ப்பக்கம். பாராளுமன்றம் சட்டம் செய்யாத வரை, மாநிலம் விட்டு மாநிலம் போகும் விற்பனைக்கு எந்த மாநிலமும் வரி போடக்கூடாது என்று ஆயிற்று.

இதில் ஒரு விசேஷம். வாங்கும் மாநிலம் வரி போடலாம் என்று 1953-ல் இதே கோர்ட்டு சொல்லியிருந்தது. இரண்டே ஆண்டில் தன் தீர்ப்பைத் தானே மாற்றிக் கொண்டது. லேசில் நடக்கிற காரியமா இது?

'சி' பாரம்

1956-ல் மத்திய விற்பனை வரிச் சட்டம் வந்தது. 1957 ஜூலை 1 முதல் வசூல். பதிவு பெற்ற வியாபாரிக்கு விற்றால் 100 ரூபாய்க்கு 1 ரூபாய் வரி. 1975-ல் அது 4 ரூபாய் ஆயிற்று.

இந்தச் சலுகைக்கு, வாங்கியவர் 'சி' பாரம் அனுப்ப வேண்டும். வராவிட்டால் கூடுதல் வரி விற்றவர் தலையில் விழும். பாரத்துக்காகக் கடிதம் எழுதி எழுதிக் கை ஓய்ந்த வியாபாரிகள் ஏராளம்.

பெயர்தான் மத்திய வரி. பணம் சரக்கை அனுப்பிய மாநிலத்துக்கே போயிற்று. பீகார் கேட்டதற்கு நேர் எதிர்!

இப்போது எப்படி?

2017 ஜூலை 1-ந்தேதி ஜி.எஸ்.டி. வந்தது. கணக்கு மறுபடியும் புரண்டது.

காஞ்சீபுரத்தில் ஒரு பட்டுச்சேலை. உள்ளூர்க்காரர் வாங்கினால் 5 சதவீத வரியில் பாதி மத்திய அரசுக்கு, பாதி தமிழ்நாட்டுக்கு. அதே சேலையை பெங்களூருக்கு அனுப்பினால் பில்லில் 'ஐ.ஜி.எஸ்.டி.' என்று ஒரே வரி. வாங்குகிறவர் கொடுப்பது அதே 5 சதவீதம்தான். ஆனால் மாநிலத்தின் பங்கு கர்நாடகத்துக்குப் போய்விடும்.

கடைக்காரர் பெங்களூரில் பதிவு செய்ய வேண்டியதில்லை. காஞ்சீபுரத்தில் இருந்தபடியே வரியைக் கட்டலாம். ஆனால் வெளிமாநிலத்துக்குச் சரக்கு விற்கிறவர், வியாபாரம் சிறியதானாலும் பதிவு செய்தாக வேண்டும். சில கைவினைப் பொருள்களுக்கு மட்டும், ஓர் அளவு வரை, விலக்கு உண்டு.