கல்லறை இல்லாதோரும் உயிர்த்தெழுவரோ?

லாச்சப்பல் கடைவீதியில் நடப்போர், கடைக் கண்ணாடிகளில் ஒட்டப்பட்டிருக்கும் மரண அறிவித்தல்களைக் காணாமற் செல்வது அரிது. பிறந்த ஊர், வாழ்ந்த ஊர், இறந்த திகதி, நல்லடக்கமோ தகனமோ நடைபெறும் இடம், நேரம் ஆகிய யாவும் அவற்றில் அச்சிடப்பட்டிருக்கும். அந்நிய மண்ணிலும் ஒருவருக்குரிய இறுதி மரியாதை குறைவின்றி நடைபெறுகின்றது என்ற ஆறுதலை அவை எமக்குத் தருகின்றன.

ஆயினும், எம்மவரிற் பலருக்கு இத்தகைய அறிவித்தல் ஒன்றை அச்சிடும் வாய்ப்புக்கூடக் கிட்டவில்லை. அவர்கள் தேடும் உறவு எந்நாளில், எவ்விடத்தில், என்ன ஆனது என்பது தெரியாது. அடக்கம் செய்ய உடலும் கிடைக்கவில்லை. உடலின் உயிர்ப்பை விசுவசிக்கும் கிறிஸ்தவக் குடும்பங்களின் துயரத்தோடு மேலும் ஒரு வினா சேர்ந்துகொள்கின்றது. உடலே இல்லாதவிடத்து உயிர்ப்பு எவ்வாறு?

ஓர் ஆயர் எழுப்பிய கணக்கு

மன்னார் ஆயராக விளங்கிய இராயப்பு யோசேப்பு ஆண்டகை, 2011 ஜனவரியில் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் ஒரு கணக்கை வைத்தார். 2008 ஒக்டோபர் முற்பகுதியில் வன்னியில் இருந்த மக்கள் 429,059 பேர். 2009 ஜூலை 10 வரை அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தோர் 282,380 பேர். எஞ்சிய 146,679 பேருக்கும் என்ன நேர்ந்தது என்பதே அவர் கேட்ட கேள்வி. 2021 ஏப்ரல் 1, புனித வியாழனன்று, விடை கிடைக்காமலே அவர் இறைவனடி சேர்ந்தார்.

விடை தெரியாதோரின் வரிசையில் குருக்களும் உளர். அல்லைப்பிட்டிப் பங்குத்தந்தை ஜிம் பிறவுண் அடிகளார் 2006 ஓகஸ்ட் 20 முதல் காணாமற் போயுள்ளார். யாழ். புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர் பிரான்சிஸ் யோசப் அடிகளார், 2009 மே 18இல் வட்டுவாகலில் சரணடைந்தோருடன் கூடச் சென்றார். அவரும் திரும்பவில்லை. ஈஸ்டர் தோறும் உயிர்ப்பைப் பிரசங்கித்த இவ்விருவருக்கும் இன்றுவரை ஒரு கல்லறை இல்லை.

ஆற்றில் கரைத்த சாம்பல்

திருச்சபை இவ்வினாவை எதிர்கொள்வது இது முதற்தடவையன்று. நாம் தஞ்சமடைந்திருக்கும் இந்நாட்டிலேயே, கி.பி. 177இல் லியோன் நகரில், கிறிஸ்தவர்கள் பலர் வதைத்துக் கொல்லப்பட்டனர். தொண்ணூறு வயதைக் கடந்த ஆயர் பொத்தினுஸ் சிறையில் மாண்டார். பிளாந்தினா என்னும் அடிமைப் பெண் அரங்கிற் கொல்லப்பட்டாள். தப்பியோர் எழுதிய மடல், வரலாற்றாசிரியர் யுசேபியுசின் நூல் வழியாக எமக்குக் கிடைத்துள்ளது. கொலையுண்டோரின் உடல்கள் ஆறு நாட்கள் வெளியிற் போடப்பட்டு, பின் எரிக்கப்பட்டு, சாம்பல் ரோன் ஆற்றில் வீசப்பட்டதென அம்மடல் கூறுகின்றது. உடலை இல்லாமற் செய்துவிட்டால் உயிர்ப்பின் நம்பிக்கையும் இல்லாது போய்விடும் எனக் கொன்றோர் எண்ணினர்.

எண்ணியது நடக்கவில்லை. பொத்தினுசுக்குப் பின் அந்நகரின் ஆயரான புனித இரேனேயு, உடலின் உயிர்ப்பை மறுத்தோருக்கு எதிராக விரிவான நூலொன்றை எழுதினார். இல்லாதிருந்த மனிதனை மண்ணிலிருந்து உருவாக்கிய கடவுளுக்கு, ஏற்கெனவே வாழ்ந்து மண்ணான மனிதனை மீண்டும் எழுப்புதல் கடினமாகுமோ என்பது அவருடைய வாதங்களுள் ஒன்று. தம் மந்தையின் சாம்பல் ஆற்றோடு போன ஊரில் இருந்தே அவர் அதனை எழுதினார்.

இவ்வரலாற்றின் இன்னொரு சுவடு லாச்சப்பலிலேயே உண்டு. தமிழ்க் கடைகள் நிறைந்த புபூர் சென் தெனி வீதி வழியே வடக்கு நோக்கிச் சென்றால், பழமை வாய்ந்த சென் தெனி து லா ஷப்பல் தேவாலயத்தை அடையலாம். 1429 செப்டெம்பரில் ஜோன் ஒவ் ஆர்க் அங்கு செபித்தாள் என்பர். இரண்டாண்டுகள் கழியுமுன், 1431 மே 30இல், ரூவான் நகரில் அவள் உயிரோடு எரிக்கப்பட்டாள். எவரும் எடுத்து வணங்கலாகாது என அவளது எச்சங்களும் செய்ன் நதியில் எறியப்பட்டன. அவளுக்கும் கல்லறை இல்லை. ஆயினும் 1920இல் திருச்சபை அவளைப் புனிதையாக அறிவித்தது.

கடவுள் எவரையும் கல்லறையைக் கொண்டு அடையாளம் காண்பதில்லை என்பதே இவற்றின் பொருள். பாரிசில் தம்மவரைத் தகனம் செய்ய நேர்ந்த கிறிஸ்தவக் குடும்பங்களும் இவ்விடயத்தில் மனங்கலங்க வேண்டியதில்லை. உயிர்ப்பை மறுக்கும் நோக்கமின்றிச் செய்யப்படும் தகனத்தைக் கத்தோலிக்கத் திருச்சபை 1963 முதல் அனுமதித்துள்ளது.

உடல் வெறும் கூடு அன்று

ஆனால், இதிலிருந்து பிழையான முடிவொன்றுக்கு வந்துவிடலும் ஆகாது. "ஆன்மா இறைவனிடம் போய்விட்டது, உடலைத் தேடி என்ன பயன்? மன்னித்து மறந்துவிடுங்கள்" என்று தாய்மாருக்கு உபதேசிப்போர் உளர். இது கேட்பதற்கு ஆன்மீகமாகத் தோன்றினும் கிறிஸ்தவ விசுவாசம் ஆகாது. திருச்சபையின் விசுவாசப் பிரமாணம் ஆன்மாவின் வாழ்வை மட்டும் கூறி அமையவில்லை. உடலின் உயிர்ப்பையும் அறிக்கையிடுகின்றது. தாய் சுமந்து பெற்ற, பசித்த, உழைத்த, அடிபட்ட அந்த உடலையே கடவுள் மகிமைப்படுத்துவார் என்பது அதன் உட்கிடை. அத்தகைய உடலை வதைப்பதும், அடையாளமின்றிப் புதைப்பதும், புதைத்த இடத்தை மறைப்பதும் கடவுளுக்கு எதிரான குற்றங்களாகும்.

கி.பி. 410இல் உரோமை நகர் சூறையாடப்பட்டு, அங்கிருந்து அகதிகள் வட ஆபிரிக்காவுக்கு ஓடிவந்த வேளையில், புனித அகுஸ்தீனாரும் இதையே இரு பக்கமாகவும் விளக்கினார். அடக்கம் பெறாமை, இறந்த விசுவாசிகளின் உயிர்ப்புக்குத் தடையாகாது என்றார். அதே வேளை, இறந்தோரின் உடல்களை அலட்சியம் செய்தலாகாது என்றும் வற்புறுத்தினார். முன்னையது உறவை இழந்தோருக்கு ஆறுதல். பின்னையது உயிரோடிருப்போரின் கடமை.

நற்செய்தி ஏடுகளிலும் இவ்விரண்டும் சேர்ந்தே வருகின்றன. உயிர்த்த இயேசுவை முதலிற் கண்டவளாக யோவான் காட்டுவது மதலேன் மரியாளை. அவள் கல்லறைக்குச் சென்று, உடலைக் காணாமல் அழுது, அதனை எங்கே வைத்தார்கள் என விசாரித்துக்கொண்டு நின்றவள். அவளது தேடலை இயேசு கடிந்துகொள்ளவில்லை. தேடிக்கொண்டிருந்தவளைப் பெயர் சொல்லி அழைத்தார். 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில், தம் பிள்ளைகளின் படங்களை ஏந்தித் தொடர் போராட்டத்தைத் தொடங்கிய தாய்மாரும் அதே கேள்வியையே கேட்டனர். அவர்களுட் பலர் விடை அறியாமலே கண்மூடிவிட்டனர்.

உயிர்த்த உடலில் ஆணிக் காயங்கள் மறையாது இருந்தன என்பதும் ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. ஐயுற்ற தோமையாருக்கு அவற்றையே இயேசு காட்டினார். புதுவாழ்வு பழைய கொடுமையை நடக்காததாக்கிவிடவில்லை. 1995 ஜூலை 9இல் விமானக் குண்டுகளுக்கு இலக்கான நவாலி தேவாலயத்தில் மாண்டோரின் காயங்களும் அவ்வாறே கடவுளின் முன் மறைக்கப்படா. 2025இல் யாழ்ப்பாணம் செம்மணி, சித்துப்பாத்தி மயானத்தில் 200க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. சிறு பிள்ளையொன்றின் எச்சங்களோடு நீல நிறப் பாடசாலைப் பையொன்றும் கிடைத்தது. அவ்வெலும்புகளின் பெயரையும் மரணத்தின் காரணத்தையும் கண்டறியும் சட்ட வைத்தியரின் பணியும் இறந்தோருக்குச் செய்யும் தொண்டேயாகும்.

ஆண்டுதோறும் நவம்பர் 2, இறந்த விசுவாசிகள் நினைவுநாள். அதனையொட்டிப் பிரெஞ்சு மக்கள் செவ்வந்திப் பூச்சாடிகளுடன் சேமக்காலைகளை நாடிச் செல்வர். பூ வைக்க ஓர் இடமில்லாத எமது குடும்பங்கள் அந்நாளில் வீட்டினுள் ஒடுங்கிவிடத் தேவையில்லை. திருப்பலியில் அவர்களுடைய பெயரை முழுமையாக வாசிக்கச் சொல்லலாம். இறந்தார் என்று சொல்ல மனம் ஒப்பாதோர், காணாமற் போனவர் என்றே கூறி மன்றாடலாம். கடவுளுக்கு அது விளங்கும். இங்கு பிறந்த பிள்ளைகளுக்கு அவர்களின் பெயர், ஊர், முகம், குரல், குணம் ஆகியவற்றைச் சொல்லிவைக்கலாம். இறுதியாகக் கண்ட இடம், திகதி, கண்ட சாட்சிகள் ஆகியவற்றை எழுதிப் பேணலாம். உயிர்ப்பை நம்புவோர் அந்த மாந்தரை மீண்டும் காண எதிர்பார்த்திருப்போர். காண எதிர்பார்த்திருப்பவர் தேடுவதை நிறுத்துவதில்லை.